நட்ட கல்லும் நின்ன கல்லும்

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க தம்பி. எனக்கு வெளிய பார்க்க ஒண்ணுமில்ல, முப்பத்தாறு வருஷம் இதே ரோட்டுல போய் வந்தவன். பையைக் கீழ வைங்க, என் கால் பக்கத்துல இருக்கட்டும்.

நெட்டைக்கல்பட்டிக்கா டிக்கெட் எடுத்தீங்க? கண்டக்டர்கிட்ட சொன்னது காதுல விழுந்துச்சு. கல்லு பார்க்கவா? யாரு சொன்னா உங்களுக்கு? போன்ல போட்டோ பார்த்தீங்களா? இருபத்தி மூணு கல்லு, ஒவ்வொண்ணும் ரெண்டாள் உசரம், கரட்டடியில வரிசையா நிக்கும், அந்தப் போட்டோதான? அது எப்ப எடுத்ததுன்னு போட்டிருக்கானா? போட்டிருக்க மாட்டான். கல்லு இல்ல தம்பி. போய் ரெண்டு வருஷம் ஆச்சு. சரி, டிக்கெட் எடுத்தாச்சு, வாங்க, வந்து குழியப் பாருங்க. பெரிய குழி. தண்ணி நிக்குது.

அந்தா, ரெண்டு வரிசை முன்னால, மஞ்சச் சேலை, அதுதான் எங்க வீட்டுல. சீனியம்மா. மதுரையில காது டாக்டரைப் பார்த்துட்டு வர்றோம். ரெண்டு காதும் போச்சு. குவாரி வெடிச் சத்தத்தாலங்குறாரு டாக்டரு. வயசுதான் தம்பி, வேறென்ன. ரெண்டு காதுக்கும் மிஷின் குடுத்திருக்காங்க, சின்னது, கொண்டைக்கடலை அளவு. ஆஸ்பத்திரியில மாட்டிவிட்டாங்க. வாசல்ல வந்ததும் கழட்டி டப்பாவுல போட்டுட்டா. "இனிமே என்னத்தக் கேக்கப் போறேன்"னுட்டா. பஸ் ஸ்டாண்டுல நான் டீ குடிக்கப் போனப்பகூட டப்பாவ அவ மடியிலதான் வச்சுட்டுப் போனேன், போட்டுப் பழகட்டும்னு. திரும்பி வந்தா டப்பாவ எங்கிட்டயே நீட்டுறா. இந்தா, என் சட்டைப் பையில கிடக்கு. அதனால நாம தாராளமாப் பேசலாம். என் குரலும் இப்பிடித்தான் இருக்கும், கடைசி பெஞ்சுக்கும் கேக்கணும்னு பழகுன தொண்டை. டிராயிங் மாஸ்டர். பேரு பெத்தணசாமி. மு. பெத்தணசாமி. இனிஷியல் முக்கியம் தம்பி, பின்னால சொல்றேன்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். நான் பழி வாங்குற ஆளு இல்ல. ஊர்ல யார வேணாலும் கேளுங்க.

பதினாலு வருஷத்துக்கு முந்தி சென்னையில இருந்து ஒரு பேராசிரியர் வந்தாரு. ஞானசிகாமணி. தொப்பி, கேமரா, கூட நாலு பிள்ளைங்க. கல்லு எம்புட்டுப் பழசுன்னு ஆராயணும்னாரு. ஊர்ல தங்க இடமில்ல. எங்க வீட்டு மாடியக் குடுத்தேன். சீனியம்மா வெடக்கோழி அடிச்சுக் குழம்பு வச்சா. அந்த மனுசன் ரெண்டாந்தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாரு. நான் போய் உள்ள இருந்த படத்தையெல்லாம் எடுத்துட்டு வந்து விரிச்சேன்.

என்ன படம்ங்குறீங்களா? நான் வரைஞ்சது. இருபத்தி மூணு கல்லையும். மூணு வருஷம், ஒரு ஞாயித்துக்கிழமை விடாம. ஒவ்வொரு கல்லுக்கும் நாலு பக்கமும், எங்க வெடிப்பு, எங்க பாசி, எந்தக் கல்லு எந்தப் பக்கம் எத்தனை விரக்கடை சாஞ்சிருக்கு, எல்லாம். அப்புறம் மொத்தக் கல்லுக்கும் சேர்த்து ஒரு பெரிய வரைபடம், அடிக்கணக்குப் போட்டு. பேராசிரியர் அதக் கையில எடுத்துப் பார்த்தாரு. "மாஸ்டர், இது பொக்கிஷம்"னாரு. எடுத்துட்டுப் போனாரு.

புஸ்தகம் வந்துச்சு. நாப்பத்தி ரெண்டாம் பக்கம், என் வரைபடம். அதே கோடு, அதே அடிக்கணக்கு. ஓரத்துல நான் போட்ட திசைக்குறிகூட அப்பிடியே. பேரு எங்கன்னு தேடுறேன். முன்னால இல்ல. பின்னால இல்ல. கடைசிப் பக்கத்துல எறும்பு எழுத்துல "உள்ளூர்க்காரர் ஒருவரின் உதவியுடன்"னு போட்டிருந்துச்சு. உள்ளூர்க்காரர் ஒருவர்! பேரில்லாத ஆளா நான்? சோறு போட்ட வீட்டு வாசல்ல பேரு எழுதியிருக்கே, அது கண்ணுல படலையா?

அதோட விட்டாரா? மதுரையில வெளியீட்டு விழா. எங்க ஸ்கூல்ல இருந்து அஞ்சு வாத்தியார்களக் கூட்டிட்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில போய் ரெண்டாவது வரிசையில உக்காந்திருக்கேன். மேடையில இருந்து பார்த்துட்டாரு. "நம்ம வழிகாட்டி வந்திருக்காரு, கை தட்டுங்க"ங்குறாரு. தட்டுனாங்க. நான் எந்திரிச்சுக் கும்பிட்டேன். கும்பிட்டு நிமிர்றேன், "அப்பிடியே அந்தத் தண்ணி பாட்டில இங்க எடுத்துக் குடுங்க"ங்குறாரு. எடுத்துக் குடுத்தேன் தம்பி. ஐநூறு பேரு பார்க்க, அஞ்சு வாத்தியார் பார்க்க. வர்ற வழியில பஸ்ஸுல அஞ்சு பேரும் தூங்குற மாதிரி கண்ண மூடிக்கிட்டாங்க.

நான் ஒண்ணும் செய்யல. பொறுத்துக்கிட்டேன். பத்து வருஷம் பொறுத்தேன்.

இதுக்கிடையில வடக்க இருந்து ஒரு அம்மா கிளம்பினாங்க. பெரிய ஆராய்ச்சிக்காரங்க. கல்லுக்கு முந்நூறு வயசுகூட இருக்காதுன்னாங்க, ஆடுமாடு மேய்ச்சவங்க எல்லைக்கு நட்டு வச்சதுன்னு. நம்மாளு ரெண்டாயிரத்து எழுநூறு வருஷம்ங்குறாரு. எதை வச்சுச் சொல்றாரு? பக்கத்துல தோண்டுன முதுமக்கள் தாழியில கிடைச்ச பானை ஓட்டை வச்சு. அந்தம்மா கேட்டாங்க, "தாழி பழசு, சரி. கல்லும் தாழியும் ஒரே காலம்னு யாரு சொன்னா?" நியாயமான கேள்விதான? பேப்பர்ல இவரு ஒரு பக்கம், அந்தம்மா ஒரு பக்கம். ஊரே தினம் டீக்கடையில வாசிச்சுச்சு. ஏன்னா அந்த நேரம் பார்த்து கரட்டுல ஜல்லி உடைக்க ஒருத்தன் குத்தகை கேட்டிருந்தான். கல்லு பழசுன்னு தீர்ப்பானா அரசாங்கம் வேலி போட்டுக் காப்பாத்தும். புதுசுன்னா கரடு அவனுக்கு. ஊர் மொத்தமும் பேராசிரியர் பக்கம் நின்னுச்சு.

கடைசியில ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு குழு போட்டாங்க. கல்லுக்கு அடியில இருக்குற மண்ண எடுத்துச் சோதிக்கறதுன்னு. அது எப்பிடின்னா தம்பி, மண்ணுக்குள்ள ஒரு கணக்கு ஓடுதாம். வெயில் பட்டா அழிஞ்சிருமாம். இருட்டுல மூடிட்டா மறுபடி ஒண்ணுல இருந்து ஏறுமாம். அதனால கல்லு நட்ட அன்னிக்குக் குழிக்குள்ள மூடுன மண்ணுக்கு எத்தனை வயசோ அதுதான் கல்லு நட்டதுக்கும் வயசு. எடுக்கும்போது ஒரு பொட்டு வெளிச்சம் படக்கூடாது. கறுப்புத் தார்ப்பாய்க்குள்ள உக்காந்து, இரும்புக் குழாய அடிச்சு இறக்கி, ரெண்டு பக்கமும் மூடி எடுக்கணும்.

குழு வர்றதுக்கு முந்தின நாள் போன் வருது. யாரு? ஞானசிகாமணி. "மாஸ்டர், நான் வரக்கூடாது, வந்தா நான் கைவச்சேன்னு சொல்லுவாங்க. இடம் காட்ட உங்க பேரைத்தான் குடுத்திருக்கேன். உங்களுக்குத் தெரியாத கல்லு அங்க கிடையாது. உங்களை நம்பித்தான் இருக்கேன்." எப்பிடி இருக்கு பார்த்தீங்களா? மறுபடியும் வழிகாட்டி. மறுபடியும் தண்ணி பாட்டில். "சரிங்கய்யா"ன்னு வச்சேன்.

இப்ப ஒண்ணு புரிஞ்சுக்கங்க. எங்க ஊர்ல ரெண்டு வகைக் கல்லு. நின்ன கல்லு, நட்ட கல்லு. நின்ன கல்லு பதினெட்டு, அது என்னைக்குமே விழாம நின்னது. அஞ்சு கல்லு எங்க பாட்டனுக்குப் பாட்டன் காலத்துல ஒரு புயல்ல விழுந்து, ஊர் கூடிப் புதுசாக் குழி வெட்டி நட்டது. அந்த அஞ்சும் சாயும். அதனால அஞ்சு வீட்டுக்கு அஞ்சு கல்லுன்னு பிரிச்சு விட்டிருக்கு. அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வர்ற பொம்பள, வருஷா வருஷம் ஆடியில கண்மாய் மண்ணு எடுத்து, வெயில்ல காயவச்சு, கல்லடியில போட்டு உலக்கையால இடிச்சு இறுக்கணும். ஆம்பளை தொடக்கூடாது. பதினோராவது கல்லு எங்க வீட்டுக் கல்லு. சீனியம்மா முப்பத்தொரு ஆடி மண்ணு போட்டிருக்கா. பிள்ளை இல்லைன்னு ஊர் பேசுனப்பகூட அவ அந்தக் கல்லுகிட்டதான் போய் உக்காருவா. பைத்தியக்காரி.

வெளியூர்க்காரன் பார்த்தா நட்டது எது, நின்னது எதுன்னு சொல்லவே முடியாது. இடிச்சு இடிச்சு மண்ணு பாறையாட்டம் இருக்கும். உள்ளூர்ல ஆறு வயசுப் பொம்பளப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

குழு வந்துச்சு. மூணு பேரு, பேன்ட் போட்ட ஒரு பொண்ணு. "சார், யாரும் கைவைக்காத இடமாக் காட்டுங்க"ன்னு கேட்டுச்சு. மரியாதையா சார்னு கூப்பிட்டுச்சு. நான் நடந்து போனேன். முதல் கல்லத் தாண்டினேன். அஞ்சாவது, ஏழாவது, ஒன்பதாவது. எல்லாம் நின்ன கல்லு. என் கால் நிக்கவே இல்ல தம்பி. பதினோராவது கல்லு வந்ததும் நின்னுச்சு. "இங்க எடுங்க"ன்னேன். அப்புறம் பதினாலாவது. அதுவும் நட்ட கல்லுதான். நெஞ்சு அப்பிடிக் குளுந்துச்சு. பத்து வருஷத்துல அன்னிக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

ஊர்க்காரங்களப் பக்கத்துல விடல. தார்ப்பாய் மட்டும்தான் தூரத்துல இருந்து தெரியும். சாயங்காலம் சீனியம்மா கேட்டா, "என் கல்லுகிட்ட கறுப்பாக் கட்டியிருந்தாங்களே, என்ன பண்றாங்க?" "அளவெடுக்குறாங்க"ன்னேன். போயிட்டா.

எட்டு மாசத்துல முடிவு வந்துச்சு. நூத்தி முப்பது வருஷம்! அந்தம்மா சொன்ன முந்நூறுகூட இல்ல. மதுரையில கூட்டம். நானும் போனேன். அதே வெள்ளைச் சட்டை. ஞானசிகாமணி மேடையில நிக்கிறாரு, யாரோ ஒருத்தன் எந்திரிச்சு, "ஐயா, எங்க தாத்தா வீடே அதைவிடப் பழசு"ங்குறான். சிரிப்பு அடங்கல. இவரு தண்ணிக்கு அங்கிட்டும் இங்கிட்டும் பார்க்குறாரு. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? எந்திரிச்சுப் போய்த் தண்ணி பாட்டில எடுத்து மேடையில அவரு முன்னால வச்சேன். மூடியத் திறந்து வச்சேன். "நன்றி மாஸ்டர்"னாரு. அந்த நன்றி இருக்கே! ஆறு மாசம் அத நினைச்சு நினைச்சுச் சிரிச்சேன்.

குவாரியா? அது நான் குடுக்கலையே. கையெழுத்துப் போட்டவன் வேற, வெடி வச்சவன் வேற. நான் ஒரு இடத்தக் காட்டினேன், அவ்வளவுதான். அந்த அஞ்சு வீட்டுப் பொம்பளைங்களும் கல்லுக்கு முன்னால போய் உக்காந்தாங்க. சீனியம்மாதான் முதல் ஆளு. ரெண்டு நாள். மூணாம் நாள் போலீஸ் வேன்ல ஏத்திட்டுப் போயிட்டாங்க. ஒவ்வொரு கல்லாச் சாய்ச்சான். எங்க வீட்டுச் சுவர்ல ஒரு விரிசல் விட்டுச்சு, சிமெண்ட் பூசிட்டேன். எங்க கல்லு இந்த ரோட்டுலயேகூடக் கிடக்கும் தம்பி. இந்தா, பஸ் குலுங்குதுல்ல, இங்கிட்டு எல்லாம் அந்த ஜல்லிதான்.

ஞானசிகாமணி வந்தாரு. தனியா, வேட்டியில. குவாரி மிஷின் ஏழாவது கல்லப் புடுங்கும்போது, டிரைவர் காலைப் பிடிக்காத குறையாக் கேட்டு, போர்வையப் போத்திக்கிட்டுக் குழிக்குள்ள இறங்கி, அடிமண்ண ஒரு குழாய்ல எடுத்தாரு. ஏழாவது நின்ன கல்லு. அதக் காட்டுனது யாருன்னா, எங்க வீட்டுல! அங்கேயே வச்சு நட்ட கல்லு, நின்ன கல்லு கதையெல்லாம் அவருகிட்டச் சொல்லியிருக்கா. அந்த மண்ணுக்குப் போன வருஷம் வயசு வந்துச்சு. ரெண்டாயிரத்து எழுநூத்தி அறுபது. கல்லெல்லாம் போனதுக்கு அப்புறம் வந்துச்சு வயசு. எதுக்கு ஆகும்?

இப்பதான் தம்பி என் விஷயம் வருது. அத ஒரு ஆராய்ச்சிப் பத்திரிகையில எழுதியிருக்காரு. அதுல எம் பேரு இருக்கு! முழுப்பேரு. மு. பெத்தணசாமி, ஓவிய ஆசிரியர். இனிஷியலும் சரி. வரைபடத்துக்குக் கீழயும் போட்டிருக்கு, "முந்தைய பதிப்பில் இவர் பெயர் விடுபட்டது என் பிழை"ன்னு. சரி, பதினாலு வருஷம் கழிச்சுப் புத்தி வந்துச்சேன்னு நினைச்சேன். அடுத்த பக்கத்தத் திருப்புனா என்ன எழுதியிருக்கான் தெரியுமா? எனக்கு மனப்பாடம். "நட்ட கல்லையும் நின்ற கல்லையும் பிரித்தறியும் உள்ளூர் வழக்கு இடம் காட்டியவருக்குத் தெரியாததால், முதல் சோதனையில் இப்பிழை நேர்ந்தது. அவர் மீது குற்றமில்லை."

தெரியாதாம்! எனக்கு! மூணு வருஷம் ஒவ்வொரு கல்லையும் விரல்வச்சு அளந்தவனுக்கு! குற்றமில்லையாம். குற்றமில்லைன்னு சொல்ல இவன் யாரு? எங்கிட்ட படிச்ச பய ஒருத்தன் அத டீக்கடையில சத்தமா வாசிச்சான். ஊரே "பாவம் மாஸ்டரு"ங்குது. "ஆம்பளைக்கு எங்க தெரியும், விடுங்க"ங்குறா ஒருத்தி. "படிச்சவுக அப்பிடித்தான், சொந்த ஊர்ச் சேதி தெரியாது"ங்குறான் ஆடு மேய்க்கிறவன். என்னைப் பார்த்து! சிரிக்கிறாங்கன்னாலும் பரவால்ல தம்பி, இரக்கப்படுறானுங்க.

பழிவாங்குனா எதிராளிக்குத் தெரியணுமா இல்லையா? இவனுக்கு இன்னைக்கு வரைக்கும் நான்தான் அடிச்சேன்னு தெரியல. மடையன்னு நினைச்சுட்டான். மன்னிச்சும் விட்டுட்டான்.

சீனியம்மாவா? அவ வேற ஒரு பக்கம். "அன்னிக்குத் தார்ப்பாயப் பார்த்தப்பவே நான் ஓடிப் போய்ச் சொல்லியிருக்கணும். நான் போட்ட மண்ணுதான் கல்லத் தின்னுருச்சு"ன்னு ஒரே அழுகை. ஒரு வருஷமா இதே பாட்டு. போன ஆடியில கண்மாய் மண்ணக் கூடையில அள்ளிட்டு வந்து, போட எடமில்லாம, குழி ஓரத்துல கொட்டிட்டு வந்தா. நான் என்ன சொல்ல முடியும்? அழுதா மனசு ஆறும்னு விட்டுட்டேன்.

இந்தா பாருங்க கவரு. பத்திரிகை ஆசிரியருக்கு எழுதியிருக்கேன். ஸ்டாம்பு ஒட்டியாச்சு, பின்னால என் முகவரி. "மு. பெத்தணசாமியாகிய நான், நட்ட கல் எது, நின்ற கல் எது என்று நன்கு தெரிந்தே, பதினோராவது கல்லையும் பதினாலாவது கல்லையும் காட்டினேன். பேராசிரியர் எனக்குச் செய்த அவமதிப்புக்காக மட்டுமே காட்டினேன்." கையெழுத்து, தேதி. எழுதி ரெண்டு மாசம் ஆச்சு. நாலுமுக்குல பஸ் அஞ்சு நிமிஷம் நிக்கும், தபால் பெட்டி ஸ்டாப்புக்கு எதுத்தாப்புல. ஒவ்வொரு தடவையும் இறங்கணும்னு நினைப்பேன். கால் வராது. போட்டா ஊர்ல குடியிருக்க முடியாது, அஞ்சு வீட்டுக்காரனும் வெட்டிப் போட்டுருவான். போடலைன்னா ஒண்ணும் தெரியாத மடையனாவே சாகணும். நீங்க படிச்ச பிள்ளை, சொல்லுங்க, போடவா, வேண்டாமா?

யோசிங்க, நாலுமுக்கு வந்துருச்சு. பஸ் நிக்குது. இஞ்சின நிப்பாட்டிட்டான், இப்பதான் காதுக்குச் சுகமா இருக்கு.

சீனியம்மா எந்திரிக்கிறா பாருங்க. முறுக்கு வாங்கப் போறாளோ என்னமோ. இங்கிட்டு வர்றாளே. என்னா? என்னா வேணும்? இது... ஏய்! தம்பி, கவரப் புடுங்கிட்டா! ஏய், அது பென்சன் கடுதாசி, குடு இங்கிட்டு! பென்சன் கடுதாசிடி!

என்ன சொன்னா? கேட்டீங்களா தம்பி? "மெதுவாப் பேசுங்க, காது கேக்குது"ங்குறா.

டப்பா... இந்தா டப்பா. திறக்குறேன் பாருங்க. ஒண்ணுமில்ல. பஞ்சு மட்டும் கிடக்கு. எப்ப மாட்டுனா? பஸ் ஸ்டாண்டுலயா? அப்ப முதல்ல இருந்தேவா?

இறங்குறா. ரோட்டத் தாண்டுறா. தம்பி, உங்க பையக் கொஞ்சம் எடுங்க, என்னை விடுங்க, கால்ல மாட்டுது. கண்டக்டர் சார், அந்தம்மாவக் கூப்பிடுங்க! அவளுக்குப் படிக்கத் தெரியாது சார், என்னன்னே தெரியாமப் போடப் போறா!

போட்டுட்டா.

பெட்டிய ரெண்டு தட்டுத் தட்டுறா, உள்ள விழுந்துச்சான்னு. உலக்கையால மண்ண இடிச்சுட்டு இறுகிருச்சான்னு இப்பிடித்தான் தட்டிப் பார்ப்பா.

வர்றா. வா சீனியம்மா. இப்பிடி உக்காரு, நான் சொல்றத முழுசாக் கேளு. நான் உன் மேல இருந்த கோவத்துல செய்யல. அந்தாளு... டப்பாவா? டப்பா எதுக்கு? இந்தா.

கழட்டுறா தம்பி. ஒண்ணு. ரெண்டாவதையும் கழட்டுறா. பஞ்சுக்குள்ள வச்சு மூடி என் பையில போட்டுட்டு, அவ சீட்டுல போய் உக்காந்துட்டா.

சீனியம்மா! ஏ சீனியம்மா! திரும்ப மாட்டேங்குறாளே. தம்பி, நீங்க கொஞ்சம் போய் அவ தோளைத் தட்டிச் சொல்லுங்களேன். நான் பழி வாங்குற ஆளு இல்லன்னு நீங்களாவது சொல்லுங்களேன்.